இரண்டு மாநிலத்துக்கு ஆள் சப்ளை: ஷிஃப்ட் மென்பொருளில் ரேட் விதிகளை அமைக்கும் முறை

ஆபீஸ் கும்மிடிப்பூண்டியில். ஆட்களில் பாதிப் பேர் இங்கேயே சிப்காட்டில், மீதிப் பேர் ஆரம்பாக்கம், தடா தாண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில். இந்தப் பக்கத்து மேன்பவர் கான்ட்ராக்டர்கள் பலருக்கும் நிலைமை இதுதான். எக்செல்லில் சமாளிக்க முடியாமல் ஒருநாள் ஷிஃப்ட் மென்பொருள் வாங்குவார்கள். விற்பவர் வந்து டெமோ காட்டுவார்: ஒரு கம்பெனி, ஒரு ஷிஃப்ட், ஒரு ரேட், பட்டனைத் தட்டினால் பில். நம் வேலையோ இரண்டு மாநிலம், மூன்று ஷிஃப்ட், நாலு வகை ஆள், ஞாயிறு, ஓடி (ஓவர்டைம்), பண்டிகை. அந்த இடைவெளியை நிரப்பும் வேலை கடைசியில் ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர் தலையில்தான் விழும். அந்த நாற்காலியில் புதிதாக உட்காருபவர்களுக்காக, அங்கே உட்கார்ந்து திண்டாடிய நான் இதை எழுதுகிறேன்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சாமான்கள் ஏறக்குறைய ஒன்றுதான். மெனுவின் பெயர்தான் மாறும்.

1. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

முதலில் வொர்க் ஆர்டர் (கம்பெனி தரும் வேலை உத்தரவு), அதோடு ரேட்டைப் பிரித்துக் காட்டும் பிரேக்கப் இணைப்பு. பல கம்பெனிகள் ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று ஒரே வரியில் முடித்திருக்கும். அப்படி இருந்தால் ஓடி, வாராந்திர ஓய்வு நாள் வேலை, பண்டிகை நாள் வேலை, இரவுப் படி என்ற நான்கையும் தனித்தனியாகக் கேட்டு மெயிலில் பதில் வாங்குங்கள். போனில் ‘ஆமாங்க, டபுள்தான்’ என்று சொன்னதெல்லாம் பில் திரும்பி வரும் நாளில் உதவாது.

அடுத்து, அந்தக் கம்பெனியின் ஜிஎஸ்டி பதிவுச் சான்று. ஸ்ரீசிட்டிக்குள் சிறப்புப் பொருளாதார மண்டலமும் உண்டு, உள்நாட்டு வரி மண்டலமும் உண்டு. ஒரே கேட் வழியாக உள்ளே போவதால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. சிறப்புப் பொருளாதார மண்டல யூனிட் என்றால் அதற்கான ஒப்புதல் கடித நகலையும் வாங்குங்கள்.

அப்புறம், இரண்டு மாநிலங்களின் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை. தமிழ்நாட்டில் அகவிலைப்படி ஏப்ரல் 1இல் மாறும். ஆந்திராவில் ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு இரண்டு முறை. கடைசியாக, அந்தந்தத் தொழிற்சாலை முத்திரை வைத்துக் கொடுத்த விடுமுறைப் பட்டியலும் ஷிஃப்ட் நேரப் பட்டியலும். நாமே காலண்டரைப் பார்த்து விடுமுறை போடக் கூடாது. அந்தப் பக்கம் யுகாதி இருக்கும், இந்தப் பக்கம் தமிழ்ப் புத்தாண்டு இருக்கும்.

2. ரேட்டை ஆளோடு கட்டாதீர்கள், சைட்டோடு கட்டுங்கள்

மென்பொருளில் புது ஆளைச் சேர்க்கும்போதே ‘ரேட்’ என்று ஒரு கட்டம் வரும். காலியாக விடுங்கள். ஆரம்பாக்கத்தில் குடியிருக்கும் ஒரு ஹெல்பர் இரண்டு வாரம் சிப்காட்டிலும் மூன்றாவது வாரம் ஸ்ரீசிட்டியிலும் வேலை பார்ப்பது இங்கே சாதாரணம். குறைந்தபட்ச ஊதியம் வேலை நடக்கும் இடத்தைப் பொறுத்தது, ஆதார் முகவரியைப் பொறுத்ததல்ல. தொழில் வரியும் அப்படித்தான். ஆந்திராவில் மாதச் சம்பளம் 15,000 வரை இல்லை, அதற்கு மேல் 20,000 வரை 150 ரூபாய், அதையும் தாண்டினால் 200 ரூபாய், மாதாமாதம். தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குக் கட்ட வேண்டும்.

அதனால் விதியின் நிபந்தனை ‘சைட் + வேலை வகை’ என்றே இருக்கட்டும். பெயர் வைக்கும்போது ஜிஎஸ்டி மாநில எண்ணை முன்னால் போடுவது என் பழக்கம்: 33-ஹெல்பர், 37-ஹெல்பர், 37-ஆபரேட்டர். பட்டியலைப் பார்த்தவுடனே எது தமிழ்நாடு, எது ஆந்திரா என்று தெரிந்துவிடும்.

பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சூப்பர்வைசர் ஒருவர் ‘ஹெல்பர்’ என்று போடுவார், இன்னொருவர் ‘ஹெல்பர் 1’ என்று போடுவார். இரண்டாவதற்கு விதி இல்லாததால் மென்பொருள் சத்தமில்லாமல் பொது ரேட்டை எடுத்துக்கொள்ளும். பொது ரேட்டைப் பூஜ்யம் என்று வைத்துவிடுங்கள். விதி பொருந்தாத ஆள் பில்லில் பூஜ்யமாக வந்து நிற்பான், உடனே கண்ணில் படும். நியாயமான ஏதோ ஒரு தொகை வந்தால் ஆறு மாதத்துக்கு யாருக்கும் தெரியாது.

3. சம்பள ரேட் வேறு, பில் ரேட் வேறு

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாள் கூலி 560 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 70. (மாதச் சம்பளத்திலிருந்து நாள் கூலி எடுக்கும்போது 26ஆல் வகுக்க வேண்டும். பல மென்பொருள்களில் 30 என்றோ, அந்த மாதத்தின் நாள்கள் என்றோ இருக்கும். அமைப்புகளுக்குள் போய் முதலில் இதை மாற்றுங்கள்.)

அந்த 560க்கு மேல் கான்ட்ராக்டர் கையிலிருந்து போவது: பிஎஃப், அதன் நிர்வாகக் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்த்து 13 சதவீதம், 72.80. ஈஎஸ்ஐ 3.25 சதவீதம், 18.20. போனஸ் 8.33 சதவீதம், 46.65. இருபது நாளுக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு, 28. பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், 26.94. மொத்தம் 752.59. சர்வீஸ் சார்ஜ் 8 சதவீதம் என்றால் 60.21. ஆக பில் ரேட் நாளுக்கு 812.80, மணிக்கு 101.60.

இந்த 70ஐயும் 101.60ஐயும் மென்பொருளில் இரண்டு தனி விதிகளாகவே எழுதுங்கள். ‘சம்பளத்தின் மேல் 45 சதவீதம்’ என்று ஒரே விதியாகப் போடும் வசதி இருக்கும். எளிதாகத் தெரியும். அதைத் தொட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த படியில்.

4. ஓடி: பில் ரேட்டை இரண்டால் பெருக்குவதல்ல

தொழிலாளிக்கு ஓடி என்றால் இரட்டைச் சம்பளம், மணிக்கு 140. இதில் பேச்சுக்கே இடமில்லை. கம்பெனிக்கு எவ்வளவு பில் போடுவது என்பதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

மென்பொருளில் ‘ஓடி = 2 மடங்கு’ என்று பில் பக்கத்திலும் போட்டால் 203.20 வரும். கம்பெனி அக்கவுண்ட்ஸ்காரர் பில்லைத் திருப்பி அனுப்புவார், அதில் நியாயமும் உண்டு. ஓடி தொகைக்குப் பிஎஃப், போனஸ், விடுப்பு, பணிக்கொடை எதுவும் கிடையாது. 140ஓடு ஈஎஸ்ஐ பங்கு 4.55 சேர்த்தால் 144.55, அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் 11.56 சேர்த்தால் 156.11. (ஓடிக்கு ஈஎஸ்ஐயைச் சேர்ப்பதா என்பதை உங்கள் பிஎஃப் கன்சல்டன்டிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 21இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின் ‘ஊதியம்’ என்பதன் வரையறையே மாறியிருக்கிறது. நான் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன்.)

இதற்கு நேர் எதிரான பொறியும் உண்டு. ‘எல்லாம் சேர்த்து’ ரேட் பேசிய வொர்க் ஆர்டரில் ஓடி பற்றி வரி இல்லாவிட்டால், மென்பொருள் ஓடி மணிக்கும் 101.60 என்றே பில் போடும். நம் செலவு 144.55. மணிக்கு 42.95 கையை விட்டுப் போகும். நாள் முழுக்க உழைத்துக் கிடைக்கும் சர்வீஸ் சார்ஜே 60 ரூபாய்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேர ஓடி போதும், அது கரைந்துவிடும்.

ஆகவே ஓடி பில் ரேட்டைப் பெருக்கலாக எழுதாமல் நிலையான தொகையாக, 156.11 என்றே எழுதுங்கள். சில கம்பெனிகள் ஓடிக்குச் சர்வீஸ் சார்ஜ் தராது. அங்கே 144.55.

ஓடி எப்போது தொடங்கும் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் தினசரி வரம்பு, வாராந்திர வரம்பு என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒப்பந்தத்தில் உள்ள தினசரி மணி நேரத்தை முதலாவதிலும், வாரத்துக்கு 48 மணி என்பதை இரண்டாவதிலும் போடுங்கள். கூடவே ‘தினசரி ஓடியாக எண்ணிய மணி வாரக் கணக்கில் மறுபடி சேராது’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதைத் தேடிப்பிடித்து டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரே மணி நேரம் இரண்டு முறை ஓடியாகும்.

5. இரண்டு விதிகள் ஒரே நேரத்தில் பொருந்தினால்

தனித்தனியாகப் பார்த்தால் எல்லா விதியும் சரியாகத்தான் இருக்கும். இரண்டு சந்திக்கும் இடத்தில்தான் பணம் ஒழுகும்.

ஓய்வு நாளில் ஒருவர் 10 மணி நேரம் வேலை பார்க்கிறார். ஒப்பந்தப்படி ஓய்வு நாள் வேலை இரட்டை, 8 மணி நேரத்துக்கு மேல் ஓடியும் இரட்டை. மென்பொருளை அதன் போக்கில் விட்டால் கடைசி இரண்டு மணிக்கு 70 × 2 × 2 என்று 280 போடும். வர வேண்டியது 140. இருபது பேர் என்றால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 5,600 ரூபாய் அதிகம். கொடுத்துவிட்டு அடுத்த மாதம் பிடித்தால் ஆட்கள் வேறு கான்ட்ராக்டரிடம் போய்விடுவார்கள்.

விதிகள் சந்திக்கும்போது மூன்று வழிகள் கொடுத்திருப்பார்கள்: எல்லாவற்றையும் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு, அதிகமானதை மட்டும் எடு. மடங்கு விதிகளுக்கு ‘அதிகமானது மட்டும்’. இரவுப் படி, பயணப் படி போன்ற ரூபாய்க் கணக்கு விதிகளுக்கு ‘கூட்டு’. ‘பெருக்கு’ என்பதை எங்கேயும் வைக்காதீர்கள்.

முன்னுரிமை வரிசையை இப்படி அமைக்கலாம்: பண்டிகை நாள் முதலில், அடுத்து ஓய்வு நாள், அப்புறம் ஓடி, கடைசியில் சாதாரண நாள். சில மென்பொருளில் எண் 1 என்றால் முதலிடம், சிலவற்றில் பெரிய எண்ணுக்குத்தான் முதலிடம். ஒரு போலி ஆளைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஓய்வு நாள் விதியை ‘ஞாயிறு’ என்று எழுதக் கூடாது. மூன்று ஷிஃப்ட் ஓடும் இடங்களில் ஓய்வு நாள் ஆளுக்கு ஆள் மாறும். செவ்வாய்க்கிழமை ஓய்வு உள்ளவனுக்கு ஞாயிறு சாதாரண வேலை நாள். ரோஸ்டரில் (ஷிஃப்ட் அட்டவணையில்) ‘ஓய்வு’ என்று குறித்த நாளைத்தான் நிபந்தனையாக வைக்க வேண்டும். ஓய்வு நாளில் வேலை வாங்கினால் மாற்று விடுப்பும் தர வேண்டும். அதை ரேட் விதியில் தேடாதீர்கள், விடுப்புப் பகுதியில் இருக்கும்.

இரவுப் படி 50 ரூபாய் என்றால் அது ஷிஃப்ட்டுக்கா, மணிக்கா என்று பாருங்கள். இரண்டு கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தவறான கட்டத்தில் விழுந்தால் ஒரே ராத்திரிக்கு 400.

6. சனி இரவு சி ஷிஃப்ட்

சனிக்கிழமை இரவு 10 மணிக்கு ஏறி ஞாயிறு காலை 6 மணிக்கு இறங்கும் ஷிஃப்ட். மென்பொருளின் வழக்கம், நள்ளிரவில் அதை இரண்டாக வெட்டி, இரண்டு மணி நேரம் சனி, ஆறு மணி நேரம் ஞாயிறு என்று எழுதுவது. அவனுக்கு ஞாயிறு ஓய்வு நாள் என்றால் அந்த ஆறு மணிக்கும் இரட்டை ரேட் விழும்.

தொழிற்சாலைச் சட்டம் பிரிவு 57இலேயே இதற்குப் பதில் இருந்தது. நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்ட்டில், 12 மணிக்குப் பின் வேலை செய்த நேரம் முந்தின நாள் கணக்கில் சேரும். அவனுடைய ஓய்வு நாள் ஷிஃப்ட் முடிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். ஆகவே ‘நாளை எப்படிக் கணக்கிடுவது’ என்ற இடத்தில் ‘ஷிஃப்ட் தொடங்கிய நாள்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் நேர மண்டலத்தையும் ஒருமுறை பாருங்கள். வெளிநாட்டு மென்பொருளாக இருந்து கிரீன்விச் நேரத்தில் விட்டிருந்தால் எல்லாமே ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போய் நிற்கும்.

7. பஞ்ச், ரவுண்டிங், இடைவேளை

5.47க்கு உள்ளே, 2.11க்கு வெளியே என்று பஞ்ச் (வருகைப் பதிவு) வரும். பில்லுக்குக் கால் மணி ரவுண்டிங் வைத்தால், சம்பளத்துக்கும் அதையே வையுங்கள். ஆளுக்குக் குறைத்து, கம்பெனிக்கு ஏற்றி வைப்பது என்றைக்காவது ஆடிட்டில் மாட்டும். கம்பெனி வேன் தாமதமானால் அந்த நேரம் யார் கணக்கு என்பது வொர்க் ஆர்டரில் இருக்க வேண்டும். இடைவேளையைத் தானாகக் கழிக்கும் வசதியை ‘6 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் மட்டும்’ என்று கட்டுப்படுத்துங்கள். இல்லாவிட்டால் அரை நாள் வந்தவனிடமும் அரை மணி பிடித்துவிடும்.

8. ஜிஎஸ்டி ரேட்டுக்குள் வரக் கூடாது

ரேட் விதியில் வரி இல்லாத தொகை மட்டும். வரியை பில் அமைப்பில் கம்பெனிவாரியாக வையுங்கள். ஆள் சப்ளைக்கு 18 சதவீதம், சம்பளம், பிஎஃப் எல்லாம் சேர்ந்த முழு பில் தொகைக்கும். சர்வீஸ் சார்ஜுக்கு மட்டும் வரி போட்டால் போதும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

நம் பதிவு தமிழ்நாட்டில் இருக்க, கம்பெனியின் ஜிஎஸ்டி எண் 33இல் தொடங்கினால் மத்திய வரி 9, மாநில வரி 9. 37இல் தொடங்கினால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலத்துக்கான வரி) 18. ஆர்டர் தந்த அலுவலகம் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலை ஸ்ரீசிட்டியிலும் இருந்தால், எந்த எண்ணுக்கு பில் என்பதை முதல் பில்லுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். சிறப்புப் பொருளாதார மண்டல யூனிட் என்றால் எல்யூடி (ஜிஎஸ்டிக்குத் தரும் உறுதிமொழிக் கடிதம்) போட்டு வரியில்லாமல் பில் தரலாம். அந்த எல்யூடி ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும்.

பணம் தரும்போது கம்பெனி வருமான வரிக்காகப் பிடிப்பது டிடிஎஸ். நாள் பில் 812.80இல் அது 2 சதவீதம் என்றால் 16.26. தனிநபர் நிறுவனம் என்றால் 1 சதவீதம். 2 சதவீதம் பிடிக்கும்போது, சர்வீஸ் சார்ஜில் கால் பங்குக்கு மேல் ரிட்டர்ன் போட்டு வரும்வரை மாட்டிக்கொள்ளும். 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கிப் பேசுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

9. பழைய ரேட்டைத் திருத்தாதீர்கள்

அகவிலைப்படி ஏறியதும் பழைய விதியைத் திறந்து எண்ணை மாற்றினால், சில மென்பொருள்கள் முந்தைய மாத பில்களையும் புது ரேட்டில் மறுகணக்கிடும். பழைய விதிக்கு முடிவுத் தேதி மார்ச் 31. நகல் எடுத்துப் புதியதற்குத் தொடக்கத் தேதி ஏப்ரல் 1. அறிவிக்கை தாமதமாக வந்தால் பழைய பில்லைத் தொடாமல், வித்தியாசத்துக்கு டெபிட் நோட் (கூடுதல் தொகை கேட்கும் சீட்டு) போடுங்கள். ‘குறைந்தபட்ச ஊதியம் ஏறினால் ரேட்டும் தானாக ஏறும்’ என்ற வரி வொர்க் ஆர்டரில் இல்லாவிட்டால் டெபிட் நோட்டைக் கம்பெனி ஏற்காது. புதுப்பிக்கும்போது கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.

10. செலவும் நேரமும்

மென்பொருள் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று இருக்கும், அதன்மேல் 18 சதவீத வரி. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். ஆட்கள் வந்து போகும் வேகத்துக்கு இது சின்ன விஷயமல்ல. பஞ்ச் மெஷினோடு இணைக்கவும், டேலி கணக்கு மென்பொருளுக்கு அனுப்பவும் தனிக் காசா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

மார்ச், ஏப்ரலில் தொடங்க வேண்டாம். ரேட்டும் எல்யூடியும் மாறும் சமயம். மே அல்லது ஜூன் 1ஆம் தேதி நல்லது. முதல் இரண்டு சம்பள மாதங்களுக்கு எக்செல்லையும் கூடவே ஓட்டுங்கள். சம்பளம் 7ஆம் தேதிக்குள், பிஎஃப், ஈஎஸ்ஐ 15, ஜிஎஸ்டி 20. கம்பெனி பணம் தருவது 45 அல்லது 60 நாளில். அதனால் மாதம் முடிந்து 3ஆம் தேதிக்குள் பில் போகும்படி ஒப்புதல் படிகளை வையுங்கள். சூப்பர்வைசர் ஒருவர், ஆபீஸில் ஒருவர், அவ்வளவு போதும்.

11. நிஜ பில்லுக்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டியவை

போலியாக ஒரு ஹெல்பரை உருவாக்கி இவற்றைப் போடுங்கள்: சாதாரண நாள், 10 மணி நேர நாள், ஓய்வு நாளில் 10 மணி நேரம், சனி இரவு சி ஷிஃப்ட், அரை நாள், ஆகஸ்ட் 15இல் வேலை, ஒரே வாரத்தில் மூன்று நாள் சிப்காட்டும் மூன்று நாள் ஸ்ரீசிட்டியும், ஏப்ரல் 1ஐத் தாண்டும் ஒரு வாரம். ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய சம்பளத்தையும் பில்லையும் முதலில் கையால் போட்டு வைத்துக்கொண்டு, அப்புறம் திரையைப் பாருங்கள். திரையை முதலில் பார்த்தால் அதில் இருப்பதே சரி என்று தோன்றிவிடும்.

எட்டும் பொருந்தியபின் விதிகளைத் திருத்தும் அனுமதியை ஒருவரிடம் மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களுக்குப் பார்க்கும் அனுமதி கொடுங்கள். சைட் சூப்பர்வைசருக்கு ரேட் திரையே தெரிய வேண்டாம், பில் ரேட் அவர் வழியாக ஆட்களுக்குப் போனால் ‘எனக்கு 560, உங்களுக்கு 812ஆ?’ என்று மறுநாள் வேனுக்குள்ளேயே பஞ்சாயத்து தொடங்கிவிடும்.